கல்லீரலுக்கு ஓர் ஏகாதசி

கோட்டைக்குள், திருவனந்தபுரம்
துலாம் மாதம், செவ்வாய்க்கிழமை

சௌபாக்கியவதி டாக்டர் ராஜஸ்ரீக்கு,

உன் புருஷனும் சமையல் கான்ட்ராக்டருமான ஸ்ரீநிவாஸ் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. ஆசீர்வாதம் என்று போட்டதற்குச் சண்டைக்கு வராதே. உன்னைவிட ஒன்றரை வயசு மூத்தவன் என்கிற ஒரே யோக்யதையில் போட்டேன், வேறு எந்த யோக்யதையும் எனக்கு இல்லை என்று உங்கள் தெருவுக்கே தெரியும். இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். கியோட்டோவில் நீயும், நீ பார்க்கிற ஜப்பான் கல்லீரல்களும் சௌக்கியமாக இருக்கப் பத்மநாபன் துணை.

தினமும் ஃபோனில் பேசுகிறோமே, கடுதாசி எதற்கு என்று கேட்பாய். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். மாமியாரை நடுவில் வைத்துக்கொண்டு பெண்டாட்டியிடம் என்ன பேசமுடியும்? சாப்பிட்டாயா, குளிர்கிறதா, சரி, வைக்கட்டுமா. அவ்வளவுதான் வாயில் வருகிறது. அதனால் சாவகாசமாக எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் உன் மாதிரி ஒரு டாக்டர் எழுதின சீட்டு என்று நினைத்துப் படி.

சங்கதிக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை முகாம் படுத்துவிட்டது. உன் ஆராய்ச்சி நர்ஸ் சிஜி, கூட்டம் கொஞ்சம் குறைவு என்று மெயில் போட்டிருப்பாள். நல்ல பெண், மனசு நோகாமல்தான் எழுதுவாள். உள்ளதைச் சொன்னால் ஈ, காக்கை வரவில்லை. பஜனை மடத்துக் கதவில் கல்லீரல் பரிசோதனை முகாம் என்று தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக ஒட்டி, ஸ்கேன் மெஷினைத் துடைத்து வைத்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். தெருக்கோடிச் சுப்பு மாமா மட்டும் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். காட்டிக்கொள்ள இல்லை, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க.

பின்னே, ஒரே ஒருத்தர் வந்தார் பாவம், எதிர்வீட்டு சாஸ்திரிகள். கண் முகாம் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். சிஜி அவரை உட்கார வைத்து, தாளில் இருக்கிற முதல் கேள்வியை முதலாவதாகக் கேட்டாள். மது அருந்துவது உண்டோ ஸ்வாமி, ஆழ்ச்சையில் எத்ர தவணை? வாரத்துக்கு எத்தனை தரம் என்கிறாள். அவருக்குக் காது மந்தம் என்று சத்தமாக வேறு கேட்டாள். அவருக்குக் கேட்டதோ என்னவோ, தெருவுக்குக் கேட்டது. சாஸ்திரிகள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மத்தியானத்துக்குள் எல்லார் வீட்டிலும் இதே பேச்சு.

சிஜி மேல் தப்பு இல்லை. அவளுக்கு நம் தெரு தெரியாது. போனக்காட்டுக்கு மலையேறிப் போனீர்களே, அங்கே தேயிலைக் குடும்பங்கள் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்று காட்டிவிட்டுப் போனார்கள் என்று நீதான் சொன்னாய். குடிக்கிறவன் குடிக்கிறேன் என்றான், குடிக்காதவன் இல்லை என்றான், தீர்ந்தது. நம் தெருவில் அப்படியா? இங்கே சர்க்கரை என்றால் கௌரவம், பிரஷர் என்றால் பெரிய உத்தியோகம், கல்லீரல் என்றால் பிராந்தி. ஸ்கேன் எடுக்க உட்கார்ந்தாலே குடிகாரன் என்று பேராகிவிடும் என்று பயப்படுகிறார்கள்.

மாசக் கடைசிக்குள் தெருவில் பாதிப் பேராவது வராவிட்டால் மெஷினை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள், உன் ஆராய்ச்சியிலிருந்து இந்தத் தெருவின் பேரையே அடித்துவிடுவார்கள் என்று கமிட்டி சொல்லிவிட்டதாம். சிஜி சொல்லிவிட்டு அழுதாள். நீ இதை என்னிடம் சொல்லவே இல்லை. தலைமுறை தலைமுறையாக மது தொடாத ஒரு தெரு வேண்டும், அங்கேயும் கல்லீரலில் கொழுப்பு ஏறுகிறது, கெட்டிப்படுகிறது, மாற்றுக் கல்லீரல் தேடுகிற அளவுக்குக் கெடுகிறது என்று காட்டவேண்டும் என்று எத்தனை வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறாய். அந்தத் தெரு உன் தெருவாகவே இருக்கவேண்டும் என்று ஏன் பிடிவாதம் பிடித்தாய் என்று கமிட்டிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள். எனக்குக் கோபம் வந்தால் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். உன் அப்பா ராமசுப்ரமணியன் சார், ஸ்கூலில் கணக்கு எடுத்தவர், காப்பிக்கு மேல் ஒன்றும் அறியாதவர். வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, கடைசியில் கல்லீரல் கல்லாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் இந்தத் தெரு என்ன பண்ணியது? வாத்தியார் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறார் என்றது. கிட்டே போனால் வாசனை வருகிறது என்று முதலில் சொன்னவர் யார் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பஜனை மடத்தில் ஒருநாள் பந்தியில் அவர் உட்கார, பக்கத்தில் இருந்த சுப்பு மாமா இலையைத் தூக்கிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போனார். அப்பா அதற்கப்புறம் மடத்துப் படி ஏறவில்லை. அவர் போன பிறகு அம்மாவும் ஏறவில்லை. இன்று வரைக்கும்.

அந்தப் பொய்யால்தான் உனக்கு வந்த வரன் எல்லாம் வாசலோடு திரும்பிப் போனது. குடிகாரர் பெண், ஆனால் டாக்டர் என்று இழுப்பார்களாம். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்தப் பொய்க்கு நான் கோவிலில் தேங்காய் உடைக்கலாம். இல்லாவிட்டால் கரமனை சமையல்காரனுக்கு நீ கிடைத்திருப்பாயா? உங்கள் ஆஸ்பத்திரி கான்ஃபரன்ஸுக்கு நான் சத்யை விருந்து போட, நீ இலையில் உட்காராமல் நேரே அடுப்பங்கரைக்கு வந்து, எரிசேரிக்குத் தாளிக்க எவ்வளவு எண்ணெய் விட்டீர்கள் என்று கேட்டாய். இன்ஸ்பெக்டர் என்று நினைத்துப் பயந்துபோனேன். இவள் சாப்பாட்டைக் குறை சொல்ல வரவில்லை, எதையோ தேடுகிறாள் என்று இரண்டாம் நாள்தான் புரிந்தது.

தேடினாய், தேடினாய், அப்படித் தேடினாய். நம் நலங்கு அன்று சாயங்காலம் உனக்கு ஃபோன் வந்தது ஞாபகம் இருக்கிறதா? யாரோ புண்யவான் மூளைச்சாவில் போய், அவர் வீட்டார் கல்லீரலைத் தானம் கொடுத்துவிட்டார்கள், இன்னொருவருக்குப் பொருத்தப் போகிறார்கள். அந்த இன்னொருவர் உடம்பிலிருந்து எடுக்கிற கெட்டுப்போன கல்லீரலில் ஒரு துண்டு உனக்கு உடனே வேண்டும். மருதாணிக் கையோடு, கூரைப்புடவையோடு ஓடினாய். பழவங்காடியில் கார் நகரவில்லை, கணபதிக்கு யாரோ நூற்றெட்டு உடைக்கிறார்கள், தேங்காய்ச் சில்லு பறக்கிறது. நீ இறங்கி நடந்தே போய்விட்டாய். என் அம்மா, பெண் எங்கேடா என்று கேட்டாள். கல்லீரல் வாங்கப் போயிருக்கிறாள் என்றேன். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் காப்பியைக் கீழே வைத்தார்கள்.

அதற்கப்புறம் எத்தனை வருஷம். எலி, கண்ணாடித் துண்டு, கம்ப்யூட்டர். நீ எழுதின முதல் கட்டுரையைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். குடிக்காதவன் கல்லீரல் ஏன் கெடுகிறது என்பதற்கு நீ சொன்ன காரணம் போதவில்லை என்றார்கள். கடைசியில் ஏற்றுக்கொண்ட அன்றைக்கு உன் இன்ஸ்டிட்யூட் முழுக்கப் பாலடைப் பிரதமன் பாயசம் ஊற்றினேன். சர்க்கரையும் கொழுப்பும் கல்லீரலை எப்படிக் கெடுக்கும் என்று அன்றைக்குத்தான் நீ ஒரு பெரிய பிரசங்கம் பண்ணினாய். பிரசங்கத்துக்கு நடுவில் இரண்டு டம்ளர் பிரதமன் உள்ளே போனதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், இத்தனை தூரம் வந்தவள் உன் சொந்தத் தெருவில் தோற்றுப்போகக் கூடாது. என் மூளை அடுப்பு மூளை, அதில் ஒரு யோசனை வெந்திருக்கிறது. நோட்டீஸ் ஒட்டிக் கூப்பிட்டால் நம்மவர்கள் வரமாட்டார்கள். கல்யாணமோ கிரகப்பிரவேசமோ, வாசற்படி ஏறி, குங்குமச் சிமிழை நீட்டி, அவசியம் வரணும் என்று நேரில் சொன்னால்தான் அழைப்பு. அப்படி அழைத்த பிறகு வராமல் இருந்தால் அது அவர்களுக்குத்தான் கௌரவக் குறைச்சல். அப்படியே வீடு வீடாக அழைக்கப் போகிறேன். நாள்கூடப் பார்த்துவிட்டேன். ஸ்கேனுக்கு மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருக்கவேண்டும் என்கிறாயே, வருகிற ஏகாதசி காலையில் வைத்துக்கொண்டால் தெரு முழுக்க உபவாசம். எப்படி?

ஒரே ஒரு இடைஞ்சல். நான் தனியாகப் போனால், மாப்பிள்ளை சமையல் ஆர்டர் பிடிக்க வந்திருக்கிறான் என்பார்கள். உங்கள் வீட்டுப் பெரியவளாக அம்மா கூட வந்தால்தான் அழைப்புக்கு மதிப்பு. அவளிடம் எப்படிக் கேட்பது? மடத்து வாசலைத் தாண்டிப் போகக்கூடாது என்று காய்கறிக்குப் பின்தெரு சுற்றிப் போகிறவள். கேட்கலாமா, வேண்டாமா என்று நீ ஒரு வார்த்தை எழுது. ஜப்பானில் தயிர் கிடைத்ததா என்றும் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஸ்ரீநிவாஸ்


கோட்டைக்குள், திருவனந்தபுரம்
துவாதசி, காலை

என் ராஜிக்கு,

பாரணைச் சாப்பாடு முடித்து, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சிஜி நேற்றே உனக்குக் கணக்கு அனுப்பியிருப்பாள். கணக்கில் வராததை நான் எழுதுகிறேன். சந்தோஷத்தில் கை ஒரு பக்கமாக இழுக்கிறது, கோணல்மாணலாக இருந்தால் தப்பாக நினைக்காதே.

அம்மாவிடம் கேட்கவே கேட்காதீர்கள் என்று நீ எழுதினாய். நான் கேட்கவில்லை, சத்தியம். குங்குமச் சிமிழைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். என்ன விசேஷம் மாப்பிள்ளை என்று அவளே வந்து கேட்டாள். மாமியாரிடம் பொய் சொல்ல எனக்கு வராது, சொன்னேன். ரசத்தை இறக்கினாள், கொத்தமல்லி கிள்ளிப் போட்டாள், மூடி வைத்தாள். அப்புறம் சொன்னாள். என் பெண் கல்யாணத்துக்குத் தெருவில் ஒரு வாசல்படி ஏறி அழைக்க எனக்கு வாய்க்கலை, யார் முகத்தில் முழிப்பது என்று இருந்துட்டேன், அவள் காரியத்துக்காவது நான் போய் அழைக்கிறேன் என்று. சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் இன்னும் புளிக்கையோடு நிற்கிறேன்.

குங்குமச் சிமிழை நான் பிடித்துக்கொள்ள, பேச்செல்லாம் அவள். வீட்டுக்கு வீடு என்ன சொன்னாள் தெரியுமா? ஏகாதசியன்று காலம்பர மடத்துக்குக் குடும்பத்தோடு வரணும், என் பெண் கல்லீரல் ஆராய்ச்சி பண்றா, உங்க கல்லீரலை அவளுக்குக் காட்டணும். நல்ல புடவை எடுத்திருக்கேன் வந்து பாருங்கோ என்கிற குரலில் சொன்னாள். கல்லீரல் என்றதும் எதிரே இருக்கிறவர்கள் முகம் ஒரு நிமிஷம் சுருங்கும். ஆனால் இத்தனை வருஷம் கழித்துப் படியேறி வந்திருக்கிற உன் அம்மா விஜயத்திடம் வரமாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எல்லார் வீட்டிலும் காப்பி. வேண்டாம் என்று எங்கேயும் சொல்லவில்லை, அத்தனையும் குடித்தாள். ராத்திரி தூக்கம் வராமல் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்தோம்.

சுப்பு மாமா வீட்டு வாசலில் நான் மெதுவாகத் தாண்டிப் போகப் பார்த்தேன். அவள் நின்றுவிட்டாள். சுப்பு, நீயும் வரணும் என்றாள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு, பார்க்கலாம் மன்னி என்றார். பார்க்கலாம் இல்லை, வரணும் என்றுவிட்டு இறங்கினாள்.

நேற்றுக் காலை வந்தார்கள் பார், அது கூட்டம். மாமிகள் பட்டில், மாமாக்கள் பஞ்சகச்சத்தில், நெற்றி நிறைய இட்டுக்கொண்டு. குடையோடு போன சாஸ்திரிகள் குடையோடு திரும்பி வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை சிஜி உஷார். மதுக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஆரம்பித்தாள். எல்லாரும் பெருமையாக, இன்னிக்கு ஏகாதசி, உபவாசம் என்றார்கள். அவளும் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டே போனாள். சீதாலக்ஷ்மி மாமி முறை வந்தது. மாமிக்குப் பொய் ஆகாது. உபவாசம்தான், கோதுமை தோசை நாலே நாலு என்றாள்.

சிஜி பேனாவைக் கீழே வைத்தாள். அப்புறம் வரிசையாக வெளியே வந்தது. ரவை உப்புமா, புழுங்கின நேந்திரம்பழம், கொஞ்சமாகச் சேமியா, வாய்க்கு ருசியாக இரண்டு நேந்திரங்காய் உப்பேரி. அவள் என் பக்கம் திரும்பி, ஸ்வாமி, இது எந்து பட்டினியா என்று கேட்டாள். நெய்யாற்றின்கரைக் கிறிஸ்தவப் பெண், அவளுக்கு எங்கே தெரியும், நமக்கு அரிசி தொடாவிட்டால் அது உபவாசம் என்று. அவளை விடு, எனக்கு எங்கே போயிற்று புத்தி? ஊருக்கெல்லாம் ஏகாதசிப் பலகாரம் பண்ணிப் போடுகிறவன் நான். அன்றைக்குக் காலையில் உப்புமா கிளறி, தொட்டுக்கொள்ளச் சட்னி அரைத்து, சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டுத்தான் மடத்து வாசலில் நின்று எல்லாரையும் வாங்கோ வாங்கோ என்றேன். நாள் குறித்தபோது நீயாவது யோசித்திருக்கலாம். நீயும் இந்தத் தெருப் பெண்தானே, ஜப்பானுக்குப் போய் அதைக்கூட மறந்துவிட்டாய்.

என்ன பண்ணுவது? மெஷின் சாயங்காலம் இன்ஸ்டிட்யூட்டுக்குத் திரும்பிப் போயாக வேண்டும். வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பினால் போனவர்கள் போனவர்கள்தான், போகிற வழியில் இன்னொரு பழமும் சாப்பிடுவார்கள். உட்கார வைக்கவேண்டும், மூன்று மணி நேரம், பச்சைத் தண்ணீர் மட்டும் கொடுத்து. நான் போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். என் உடம்புக்கு ஒரு பிரயோஜனம் அன்றைக்குத்தான் வந்தது. கொஞ்ச நேரம் ஊர் வம்பு ஓடியது. அப்புறம் அதுவும் தீர்ந்து, இருவர் மூவர் எழுந்து செருப்புத் தேட ஆரம்பித்தார்கள். இவர்கள் எழுந்தால் பின்னாலேயே எல்லாரும் எழுந்துவிடுவார்கள், உன் தெரு போயிற்று.

அப்போதுதான் உன் அம்மா எழுந்தாள். ஜால்ராப் பெட்டி இருக்கிற இடத்தில், உன் அப்பா உட்காருகிற இடமாம் அது, போய் உட்கார்ந்தாள். உரக்கப் பேசவில்லை. காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு விஷயம் சொல்றேன், கேட்டுட்டுப் போங்கோ என்றாள். செருப்பில் கால் நுழைத்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

அவருக்கு வயிறு வீங்கினபோது எனக்கும் ஒண்ணும் தெரியலை என்றாள். நீங்கள் எல்லாம் பேசினது என் காதிலும் விழுந்தது. ஒருநாள் பாட்டில் இருக்குமோன்னு நானே அவர் அலமாரியைத் திறந்து பார்த்தேன், நானே பார்த்தேன், அதைத்தான் என்னால் இன்னி வரைக்கும் தாங்க முடியலை. அங்கே கணக்குப் புஸ்தகமும் அச்சு வெல்லமும்தான் இருந்தது. கல்லீரல் கெடறதுக்குக் குடி வேண்டாம், அவருக்கு இருந்த சர்க்கரையும், உட்கார்ந்த இடத்து வேலையும், தொப்பையும் போதும் என்று இப்போ என் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியறது. அப்பவே தெரிஞ்சிருந்தால் ரொம்ப நாள் இருந்திருப்பார். அவருக்கு யாரும் இப்படி ஒரு மெஷினைத் தெருவுக்குக் கொண்டுவரலை, உங்களுக்கு வந்திருக்கு. அவ்வளவுதான் சொன்னாள்.

சீதாலக்ஷ்மி மாமிதான் வாயைத் திறந்தாள். அப்போ பாயசத்தாலயும் கல்லீரல் கெடுமா விஜயம் என்று கேட்டாள். கெடும் என்றாள் உன் அம்மா. மடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. இந்தத் தெருவில் நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் பாயசம் போட்டவன் நான்தானே. முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை, சாஸ்திரிகள் வரைக்கும் சிரித்தார். செருப்புப் போட்டவர்கள் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் தடையே இல்லை. பதினொரு மணிக்கு ஆரம்பித்து ஒவ்வொருத்தராகத் திரைக்குள்ளே போனார்கள். விலாவில் வைத்து அந்த மெஷின் ஒரு தட்டுத் தட்டும், இட்டலி வெந்ததா என்று விரலால் அமுக்கிப் பார்க்கிற மாதிரி. எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு கெட்டி என்று இரண்டு எண் காட்டும். ரிசல்ட்டை வெளியே சொல்லக்கூடாது, அவரவருக்கு மட்டும் என்று சிஜி மெல்லிய குரலில் தனியாகச் சொல்லி அனுப்பினாள். நம்மவர்கள் வெளியே வந்ததும் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் மாதிரி அவர்களே உரக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இவ்வளவு, உமக்கு எவ்வளவு ஓய்? குறைச்சலாக வாங்கினவர் காலரைத் தூக்குகிறார், ஜாஸ்தி வாங்கினவர் உப்பேரியைத் திட்டுகிறார். மதுக் கேள்வியைச் சிஜி கடைசியில் கேட்டபோது ஒருத்தரும் கோபித்துக்கொள்ளவில்லை. இல்லை என்று நன்றாக எழுதிக்கோ குழந்தை, கொட்டை எழுத்தில் எழுது என்றார் சாஸ்திரிகள்.

என் எண்ணை நீ கேட்காமலே சொல்கிறேன், எப்படியும் சிஜி கோள் சொல்லுவாள். கெட்டி சரியாக இருக்கிறது. கொழுப்பில் நான் தெருவிலேயே முதல் ராங்க். இன்று விடியலில் கோவிலைச் சுற்றி நாலு தெருவும் நடந்துவிட்டு வந்தேன். நீ வருவதற்குள் என்னை அடையாளம் தெரியாமல் போகும், வேறு யாரோ என்று கதவைச் சாத்திவிடாதே.

பாதிப் பேர் போதும் என்று கமிட்டி சொன்னது. படுக்கையில் இருக்கிறவர்களையும் வெளியூர் போனவர்களையும் தவிர்த்து எல்லாரும் வந்துவிட்டார்கள் ராஜி. சிஜி என்னைக் கட்டிப்பிடிக்க வந்து, பூணூலைப் பார்த்துத் தயங்கி, உன் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். மெஷின் இனி நம் ஊரிலேயேதான் இருக்கப்போகிறது. வந்தவர்களில் பத்து பதினைந்து பேருக்குக் கல்லீரல் கெட்டிப்பட ஆரம்பித்திருக்கிறதாம். அதில் ஒருத்தர்கூடக் குடிப்பவர் இல்லை. நீ சொன்னது சரி. இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது சரி. இதை நான் எழுதுகிறேன், எனக்கு எழுதக் கிடைத்திருக்கிறது, நினைத்தாலே பெருமையாக இருக்கிறது.

சாப்பாட்டுக்கு நான் கோதுமைக் கஞ்சியும் சிறுபயறும் போட்டேன், பாயசம் கிடையாது. என் சரித்திரத்திலேயே பாயசம் இல்லாத முதல் பந்தி. மூன்று மணி நேரம் காய்ந்த வயிறு, கஞ்சியைப் பிரதமன் மாதிரி சாப்பிட்டார்கள்.

சுப்பு மாமா கடைசியாகத்தான் திரைக்குள்ளே போனார். வெளியே வர நேரமாயிற்று. வந்தவர் யாரிடமும் எண் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பந்தியில் உட்காராமல் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். உன் அம்மா பரிமாறிக்கொண்டு வந்தவள், அவர் முன்னால் வந்து நின்றாள். மன்னி, நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்றார். பகவான் சாட்சியாகத் தொட்டதில்லை மன்னி, நீங்களாவது நம்பணும் என்றார். சொல்லி முடித்ததும், தான் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே உறைத்துவிட்டது. தலை குனிந்துவிட்டது.

நான் கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் ஸ்தானத்தில் யாராக இருந்தாலும் நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள், எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன் அம்மா கேட்கவில்லை. தெரியும் சுப்பு என்றாள். ஒரு இலையை எடுத்து, உன் அப்பா உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் போட்டு, உட்காரு, பசியோடு நிற்காதே, என் பெண் இருக்கா, பார்த்துப்பா என்றாள். அவர் உட்கார்ந்தார். அவள்தான் கஞ்சி விட்டாள்.

பயப்படுகிற கட்டம் இல்லையாம், மாற்றுக் கல்லீரல் வரைக்கும் போகாமல் பிடித்துவிடலாமாம். திங்கட்கிழமை உன் பெரிய டாக்டரிடம் காட்டச் சிஜி ஏற்பாடு பண்ணியிருக்கிறாள். நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன், நேற்று ராத்திரியே சொல்லிவிட்டேன். ராஜி எப்போ வருவா என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார். நானும் அதைத்தான் நாள் பூராவும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் மாமா என்றேன்.

இதை எழுதி முடிக்கும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீங்களும் ஒரு வரி எழுதுங்கோ என்று பேனாவைக் கொடுத்தேன். கண்ணாடியைக் காணோம், நீங்களே எழுதுங்கோ மாப்பிள்ளை என்றாள். கண்ணாடி மூக்கில்தான் இருக்கிறது, பேனாவை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். என்ன எழுத என்று கேட்டேன். தெருப் பக்கம் திரும்பினாள். நீ உன் அப்பாவைக் குணப்படுத்திட்டே என்று எழுதுங்கோ என்றாள்.

எழுதிவிட்டேன். குளிரில் தலையை மூடிக்கொள். மகராஜியாக இரு. சீக்கிரம் வா.

உன்
ஸ்ரீநிவாஸ்